டாக்டரம்மா சொன்ன ஆமாம்

இன்னும் பட்டம் வாங்கவில்லை. ஆனாலும் வீட்டில் அவளுக்கு டாக்டரம்மா என்றுதான் பெயர். வைத்தவர் அவள் புருஷன், டீசல் மெக்கானிக். கிண்டலாக ஆரம்பித்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது.

முனைவர் பட்டத்துக்காகக் கடல் தாண்டி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆராய்ச்சி எண்ணெய்களைப் பற்றி. அதில் ஒரு குறையும் இல்லை. இடைஞ்சல் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அதில் தேறினால்தான் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் வேலை கிடைக்கும். அந்த வேலைக் கடிதம் இருந்தால்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். ஏழு வயது மகள் அங்கே அப்பாவோடு இருக்கிறாள். இரண்டு தடவைதான் எழுதவிடுவார்கள். முதல் தடவை கோட்டை விட்டாயிற்று. நாளைக்கு இரண்டாவது. அதிலும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் தடவை வந்த தாளில் ஒரே வரி எழுதியிருந்தது: கேட்கப்பட்ட கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை. அதைப் படித்துவிட்டு இவள் உண்மைக் காரணத்தைச் சொல்லாமல், தன் காதின் மேலும் நாக்கின் மேலும் பழியைப் போட்டாள். ஆறு மாதமாக ரேடியோச் செய்தியைக் கேட்டுக் கேட்டு, சொன்னதையே திருப்பிச் சொல்லிச் சொல்லி, பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டும் அளவுக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், எதற்காகத் திறந்தோம் என்று யோசித்தாள். கடைசியில் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"போன தடவை அந்த ஆளு அப்படி என்னதான் கேட்டாரு?" என்றார் மெக்கானிக். ஆறு மாதமாக இவள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் மென்று விழுங்கிய விஷயம் அது.

"பத்து நிமிஷம் பாடம் எடுக்கணும். தேர்வு அதிகாரியே மாணவன் மாதிரி பெஞ்சுல உக்காந்து நடுவுல கேள்வி கேப்பாரு. எண்ணெய் மெதுவா ஓடுதே, அப்ப அது தண்ணியைவிடக் கனம்தானேன்னு கேட்டாரு."

"தப்பாச்சே அது. எண்ணெய் தண்ணி மேல மிதக்குமே. என் பட்டறை வாளியிலயே தினம் பாக்குறேன். நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு தலையாட்டிட்டேன்."

"கேள்வி புரியலையா?"

"நல்லாப் புரிஞ்சுது. அவரு மார்க் போடுறவருங்க. அவரைப் போயி தப்புன்னு எப்படிச் சொல்றது?"

"கல்யாணமாகி ஒம்பது வருஷம் ஆச்சு. எங்கிட்ட ஒரு தடவை ஆமான்னு சொல்லியிருக்கியா நீ?"

"நீங்க என்ன மார்க்கா போடுறீங்க?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் எழுந்து நின்று ஆமாம் போட்டே வளர்ந்த கழுத்து அது. மார்க் போடுகிறவர் பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் மாணவன் ஆகிவிடுவாரா?

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்த் தாழ்வாரத்தை அளந்துகொண்டிருந்தாள். தண்ணீர் குடித்தாள், மறுபடி தாகம் எடுத்தது. கூப்பிட்டார்கள். அதே அறை, அதே வழுக்கைத் தலை அதிகாரி, அதே பெஞ்சு. அவள் கரும்பலகையில் படம் போட்டு நாலு நிமிஷம் பேசியிருப்பாள். அவர் கையைத் தூக்கினார்.

"எண்ணெய் மெதுவாக ஓடுகிறது. அப்படியென்றால் அது தண்ணீரைவிடக் கனம், சரிதானே?"

தலை பாட்டுக்குத் தானாகவே பாதி ஆடிவிட்டது. அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இல்லை சார். நீங்கள் சொல்வது தப்பு," என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். கரும்பலகையில் ஒரு வாளி வரைந்து, தண்ணீருக்கு மேலே எண்ணெயை மிதக்கவிட்டாள். மெதுவாக ஓடுவது வேறு, கனம் என்பது வேறு என்று விளக்கினாள். அவர் விடாமல் எதிர்க்கேள்வி போட்டார். பட்டறைக்காரரிடம் மல்லுக்கு நிற்பதுபோல இவளும் விடவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் கையெல்லாம் சாக்பீஸ் தூள் என்று தெரிந்தது.

அரை மணி கழித்து அதிகாரியே தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். தேர்ச்சி.

"போன முறையும் இதே கேள்விதான் கேட்டேன். எல்லோரிடமும் இதைத்தான் கேட்பேன். வேண்டுமென்றே தப்பாகக் கேட்பது. அப்போது உங்களுக்குப் புரியவில்லை, இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். மரியாதைக்குத் தலையாட்டினேன் என்று இவரிடம் எந்தப் பாஷையில் சொல்வது? "புரிந்தது சார்," என்று மட்டும் சொன்னாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார்.

வாசல் படியில் நின்று வீட்டுக்கு முகம் தெரிகிற வீடியோ போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள். போன தேர்வு முடிந்து பேசியபோது முன்பல் இரண்டும் விழுந்து ஓட்டை வாயோடு இருந்தவள். இப்போது அந்த இடத்தில் புதுப் பல் இரண்டும் முழுதாக முளைத்து நின்றன. பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டிய பல். ஒரு தலையாட்டலில் போயிற்று.

"அம்மா, இனிமே நான் அங்க வரலாமா?"

டாக்டரம்மா வேகவேகமாகத் தலையை ஆட்டினாள்.

"வாயைத் திறந்து சொல்லும்மா," என்றாள் மகள்.