ஐடியாக்காரர் கட்டிய தொட்டில்

தெருவில் அவருக்கு ஐடியாக்காரர் என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் எந்தச் சாமானையும் அதன் பாட்டுக்கு இருக்க விட்டதில்லை. ஒழுகிய குழாயைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார். அதுவரை சமர்த்தாகக் கீழே சொட்டிய தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சி அடித்தது. தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளைத் தன் பழைய சாக்ஸில் திணித்துக் கை கழுவும் இடத்தில் தொங்கவிட்டார். கழுவிய விருந்தாளிகள் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்கள்.

அவர் மனைவிக்குத் தையல் தொழிற்சாலையில் சரிபார்க்கும் வேலை. தைத்து வரும் சட்டையின் தையலையெல்லாம் இழுத்துப் பார்ப்பாள். பிரிந்தால் தூக்கி எறிவாள். வீட்டில் மட்டும் அவளால் எதையும் எறிய முடியவில்லை. எறிந்தது மறுநாள் பூந்தொட்டியாகத் திரும்பி வரும். மனுஷனுக்குப் பொழுது போகிறது, தொலையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மகள் கைக்குழந்தையோடு வருகிறாள் என்றதும்தான் அவள் அவர் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தாள். மாமியார் வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. இருந்தும், "அம்மாகிட்ட கொஞ்ச நாள் இருக்கேன்" என்று மகள் அடம்பிடித்து வருகிறாள். அந்தக் கொஞ்ச நாளுக்காகவே இவள் லீவு போடாமல் சேர்த்து வைத்திருந்தாள். ஐடியாக்காரரோ கூடத்தில் தொட்டில் செய்ய உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டிக் குழாய், உடைந்த நாற்காலியின் கால், கிழிந்த திரைச்சீலை, ஒரு டப்பா பசை.

"கடையில ஒண்ணு வாங்கிடலாங்க."

"கடைக்காரன் என்ன வானத்துலேருந்தா கொண்டு வர்றான்? நம்ம கையால செஞ்சாதான் அதுல பாசம் இருக்கும்."

பாசமாவது மண்ணாவது என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் சமையலறைக்குள் போனாள்.

மகள் வந்து இறங்கினாள். ரிப்பன் வெட்டாத குறையாக அவர் தொட்டிலைக் காட்டினார். "பேரனைக் கொடும்மா, தாத்தா போட்டு ஆட்டறேன்" என்று கையை நீட்டினார். அப்பாவின் முகத்தைப் பார்த்து மறுக்க மகளுக்கு வாய் வரவில்லை. பிள்ளையைக் கொடுக்கக் கையும் வரவில்லை.

மனைவி சமையலறைக்குள் போனாள். அரிசிப் பையைத் தூக்கி வந்து தொட்டிலில் வைத்து, நன்றாக ஒரு ஆட்டு ஆட்டினாள். படக்கென்று ஒரு கால் கழன்றது. தொட்டில் குப்புற விழுந்து, அரிசி கூடம் முழுக்கச் சிதறியது.

ஐடியாக்காரர் தொட்டிலைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார்.

"அது அஞ்சு கிலோ பை. குழந்தை மூணு கிலோதானே இருக்கும்?" என்றார்.

அசடு என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் அவரைப் பொறுத்திருந்தாள். இப்போது அவர்மேல் அவளுக்கு அருவருப்பே வந்தது. மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டு வாசலைப் பார்ப்பதைக் கவனித்தாள்.

"நீ ஏண்டி வாசலைப் பார்க்கற? நீ இங்கதான் இருப்ப." அவர் பக்கம் திரும்பினாள். "உங்க அக்கா வீட்ல உடைஞ்ச சாமான் நிறைய கிடக்கும். பேரன் நடக்கற வரைக்கும் அங்க போய் எதையாவது ஒட்டிக்கிட்டு இருங்க."

அவர் துணிமணியை அவளே பையில் திணித்தாள். பசை டப்பாவையும் மறக்காமல் போட்டாள்.

அவர் தெருமுனை திரும்பியதும் மகள், "பாவம்மா அப்பா" என்றாள்.

"பாவம் பார்த்துப் பார்த்துத்தாண்டி உன் பிள்ளை வரைக்கும் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவள் அரிசியைக் கூட்ட உட்கார்ந்தாள்.