நெத்திலி விலையும் கோதண்டத்தின் வாயும்

ராயபுரம் கோதண்டம் ஒரு சர்க்கார் ஆபீசில் புள்ளிவிவர குமாஸ்தா. எந்தச் சங்கதியையும் தனியாக விடமாட்டார். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால், முந்தின நாள் தான் பேசிய பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று யோசிப்பார். பெரும்பாலும் உண்டு என்பாள் அவர் மனைவி பச்சையம்மா.

1954-ல் காசிமேட்டு நெத்திலி விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று ஆராயும் வேலை அவரிடம் வந்தது. விலை ஏறினால் மறுநாள் எல்லாக் கட்டுமரமும் கடலில் இருக்கும். மீன் குவிந்து விலை விழும். விழுந்ததும் பாதிப் பேர் கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். விலை மறுபடி ஏறும். நேற்றைய விலை இன்றைய மீனை ஆட்டுகிறது, மீன் விலையை ஆட்டுகிறது. ஆகவே விலைக்கும் மீனுக்கும் ஆளுக்கொரு சமன்பாடு எழுதினார் கோதண்டம். வாடைக்காற்றையும் சேர்த்தார். அது இரண்டையும் ஆட்டும். அதை ஆட்ட ஆளில்லை.

மேலதிகாரி சங்கரநாராயணன் நம்பவில்லை. "வர்ற வியாழக்கிழமை விலை எப்படி இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

கணக்குப் போடும் கைமெஷினைத் தோள் வலிக்கச் சுற்றிவிட்டு, "படுத்துடும் சார்" என்றார் கோதண்டம்.

அந்தப் பெருமையை வீட்டிலும் சொன்னார். பச்சையம்மா அதை மீன்காரி குப்பம்மாவிடம் சொன்னாள். குப்பம்மா குப்பம் முழுக்கச் சொன்னாள். வியாழனன்று அநேகமாக யாரும் கடலுக்குப் போகவில்லை. விலை எகிறிவிட்டது. போனவர்களில் ஒருவன் வேலப்பன், குப்பம்மாவின் புருஷன்.

ஆபீசில் சிரித்தார்கள். கோதண்டத்துக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் மறுநாள் காலை குப்பம்மா கூடையோடு வந்து, ஒரு முறம் நெத்திலியைக் கொட்டினாள்.

"சாரு, அடுத்த வாரமும் வெல எறங்கும்னு சொல்லு."

"எறங்காது போலத் தெரியுதேம்மா."

"அது ஒரு பக்கம் கீது. நீ சொல்லு. சொன்னா ஏறிக்கும்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது: அவர் வாய். உற்சாகமாக மூன்றாவது சமன்பாடு எழுதிக்கொண்டு போனார்.

"உங்க வாயை நான் எதுல அளக்கிறது, கோதண்டம்?" என்று கேட்டு, சங்கரநாராயணன் அதை அடித்துவிட்டார்.

பேசாமல் இருந்து பார்த்தார். அதுவும் எடுபடவில்லை. "சாரு கம்முனு கீறாரு, இன்னாமோ கீதுபா" என்று குப்பத்தில் பேச்சு கிளம்பி, அன்றைக்கும் பாதிக் கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தன.

கடைசியில் மழைக்கணக்குப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். நாளை மழை என்று ராயபுரம் முழுக்கச் சொன்னாலும் மேகம் காதில் போட்டுக்கொள்வதில்லை. ரிட்டையராகும்வரை அங்கே நிம்மதியாக இருந்தார். பச்சையம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. மழைப் பிரிவில் யாரும் ஒரு முறம் எதையும் கொண்டுவந்து கொட்டுவதில்லையாம்.