காணிக்கைப் பத்தாயத்தில் நடந்த சண்டை

முதலில் வந்தது வார்னிஷ் நெடி, படம் அதற்குப் பிறகுதான். கப்பலில் வந்த நீளமான தகரக் குழாயைத் திறந்து, உள்ளே சுருட்டியிருந்த துணிப்படத்தைச் சார் வெளியே இழுத்தபோது, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தொண்டை எரிந்தது. பூதப்பாண்டிக்கு வடக்கே, மலைக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தின் சுவரில் அதுவரை தொங்கியது கானான் தேசத்து வரைபடமும், ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த மேய்ப்பர் படமும்தான். இந்தப் புதிய படத்தில் ஆறு மிருகங்கள் இருந்தன. பின்னங்காலில் எழுந்து நின்று வாயைப் பிளந்த, பனை உயரப் பல்லி ஒன்று. மேல்வாய்ப் பல் இரண்டும் அரிவாள்போல வளைந்து தாடைக்குக் கீழே இறங்கிய புலி ஒன்று. மற்ற நாலும் இலை தின்பவை என்று சார் சொன்னதும் நாங்கள் அவற்றைக் கைவிட்டோம். சண்டை போடாத மிருகம் எங்களுக்கு எதற்கு?

முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. என் அப்பா அந்த ஊர்ச் சபைக்கு உபதேசியார், ஆராதனையும் பிரசங்கமும் அவர் பொறுப்பு. இவையெல்லாம் லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இருந்து அழிந்துபோனவை என்று சார் சொன்னதை வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "லட்சமும் இல்ல, கோடியும் இல்ல. வெள்ளத்துல முங்கிச் செத்ததாக்கும். பேழையில ஏத்தினது பொழச்சுது, ஏத்தாதது செத்துது. கர்த்தருக்குத் தெரியும் எது கொள்ளாம் எது கொள்ளாதுண்ணு" என்றார். இந்த வருஷக் கணக்கால் சாரும் அப்பாவும் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்கு வருஷத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அந்தக் காலத்து மிருகமும் இந்தக் காலத்து மிருகமும் மோதினால் எது ஜெயிக்கும் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று "பழசு" கட்சி, மற்றது "புதுசு" கட்சி. நான் உபதேசியார் மகள், ஆகவே புதுசுக்குத் தலைவி. பழசுக்குத் தலைவன் செல்லையா. அவனுடைய அப்பா வயல் வேலை இல்லாத நாளில் மலையடிவாரத்தில் உடும்பும் முயலும் பிடிப்பவர். செல்லையாவுக்கு ஒரே ஒரு சட்டை, அதில் ஒரே ஒரு பொத்தான். ஆனால் வகுப்பிலேயே கணக்குச் சரியாகப் போடுகிறவன் அவன்தான். அவனை மேலே படிக்க வைக்க மிஷனில் கேட்கப்போவதாகச் சார் சொல்லியிருந்தார், அந்தப் பேச்சை அவனுடைய வீட்டில் எல்லோரும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, உனக்க புலிக்க பல்லு எத்தற நீளம் வரும்? விரல் நீளம். இதுக்க பல்லப் பாரு, அருவா" என்பான் அவன்.

"பல்லு அந்த நீளத்துக்கு இருந்தா வாயத் தொறந்து கடிக்க முடியுமாலே? உனக்க புலி பட்டினி கெடந்து செத்திருக்கும். அதாக்கும் இப்ப ஒண்ணையும் காணல்ல" என்பேன் நான்.

கீரிப்பாறைப் பக்கம் ஒரு பசுவின் தலையைப் புலி ஒரே கடியில் திருகிப் போட்டதை ஒருவன் சாட்சிக்கு இழுப்பான். அந்தப் பல்லியின் வாலடி பட்டால் புலியின் முதுகெலும்பு முறியும் என்று இன்னொருவன் சொல்வான். வழியில் கூடையை இறக்கி இளைப்பாறிய மீன்காரி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "ரெண்டும் எனக்க கடல்ல எறங்கட்டும் மக்களே. சுறா ரெண்டையும் முழுங்கிட்டுக் கஞ்சி எங்கேண்ணு கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் சுறாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சுறாவுக்குக் கால் இல்லை.

பேச்சில் தீராத வழக்கைச் சண்டை விட்டுத் தீர்ப்பது என்று முடிவானது ஆடிக் கடைசியில். எங்களிடம் புலியும் இல்லை, பனை உயரப் பல்லியும் இல்லை. புதுசுக்கு என் நாய் சீசர். பழசுக்கு, செல்லையாவின் அப்பா முந்தின நாள் பிடித்துக் கொண்டுவந்திருந்த உடும்பு. படத்தில் இருந்த பல்லியின் அதே தோல், அதே நகம், அதே பிளந்த வாய் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். "உடும்பும் பேழையில போனதுதானே" என்று ஒரு சின்னப்பெண் கேட்டாள். செல்லையா கொஞ்சம் யோசித்தான். "உள்ள போகல்ல. அடியில பலகையப் பிடிச்சுத் தொங்கிட்டுப் போச்சு. உடும்பு பிடிச்சா விடுமா?" என்றான்.

அந்த உடும்பு விளையாட்டுக்குப் பிடித்தது இல்லை. செல்லையாவின் அம்மை பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகியிருந்தது. ரத்தம் நிறையப் போய், பால் ஊறாமல், பாயோடு கிடந்தாள். உடும்புக் கறி கொடுத்தால் தேறுவாள் என்று அதை உயிரோடு கட்டி வைத்திருந்தார்கள், மறுநாள் அறுப்பதற்கு. செல்லையா அதை வீட்டுக்குத் தெரியாமல் எடுத்துவந்தான். "சண்டை முடிஞ்சதும் கொண்டு வச்சிருவேன். அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதுதான் ஜெயிக்கும்" என்றான். அவன் துணிந்தவன் இல்லை, நம்பினவன்.

இடம் நான் கொடுத்தேன். எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால் ஒரு அறையில் காணிக்கை நெல் போட்டு வைக்கும் பத்தாயம் இருந்தது. ஆள் உயரப் பலாமரப் பெட்டி, மேலே மூடி, அடியில் நெல் எடுக்க ஒரு சின்ன வாய். கன்னிப்பூ என்கிற முதல் போக அறுப்புக்கு முன்னால் அது காலியாகத்தான் கிடக்கும். அறைச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. நாலு பேர் சேர்ந்து சீசரைத் தூக்கி மேல்வழியாக உள்ளே இறக்கினார்கள். மூடியில் ஒரு பலகையை மட்டும் விலக்கிவிட்டு, செல்லையாவும் மற்றவர்களும் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உடும்பின் கட்டை அறுத்து அடிவாய் வழியாக உள்ளே விடும் வேலை என்னுடையது. ஒரு கட்சியின் மிருகத்தை மற்றக் கட்சி உள்ளே விடவேண்டும் என்பது பேச்சு.

முன்னங்கால் கட்டைப் பேனாக்கத்தியால் அறுத்தேன். அறுத்த உடனே அது என் மணிக்கட்டைப் பற்றியது. இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. கழுத்து உப்பிச் சீறியது, உடம்பு முழுக்க ஒரே தசையாக என் கைக்குள் திமிறியது. அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. இது உள்ளே போனால் சீசரின் மூக்கைக் கவ்வும், விடாது. என் நாய் தோற்கும், என் கட்சி தோற்கும், அப்பா சொன்னது தோற்கும். பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த பனைநாரை நான் அறுக்கவில்லை. அப்படியே உள்ளே தள்ளி வாய்ப்பலகையை இறக்கினேன்.

பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருட்டுக்குள் ஒரு உறுமல், பலகையில் வால் அடிக்கும் சத்தம், நகம் கீறும் சத்தம், அப்புறம் நாய் தலையை உதறும் சத்தம். நிறைய நேரம் உதறியது. மேலே நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். நானும் போட்டேன். என் கட்சிக்காரர்கள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள்.

கூச்சல் கேட்டு அப்பா வந்தார். பத்தாயத்தைத் திறந்தபோது சீசர் உடும்பின் பின்பாதியைத் தின்று முடித்திருந்தது. காணிக்கை நெல் போடுகிற பெட்டியில் ரத்தமும் குடலும் கிடந்தன. புளிய விளாறு ஒடியும்வரை அப்பா எல்லோரையும் அடித்தார், என்னையும். அடி வாங்கிக்கொண்டே ஒருவன் இது என்ன பந்தயம், யார் எந்தக் கட்சி, எது ஜெயித்தது என்று அழுது சொன்னான். அப்பாவின் கை நின்றது. "நாயா ஜெயிச்சுது?" என்று கேட்டார். முகம் மாறிவிட்டது.

செல்லையா பத்தாயத்துக்குள் இறங்கி, உமிக்குள் கைவிட்டுத் தேடி, முடிச்சு அவிழாத பனைநார் ஒன்றை எடுத்துவந்தான். என் முகத்துக்கு நேரே நீட்டினான். "கட்டு அறுக்கல்ல. நீ அறுக்கல்ல."

"நாரு எங்கேயும் கெடக்கும்லே. தோத்தா தோத்தேண்ணு சொல்லு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பிரசங்கத்தில் இதைச் சொன்னார். வெள்ளத்தில் அழிந்ததற்கும் பிழைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நம்முடைய பிள்ளைகளே கண்ணால் கண்டார்கள், தேவன் தெரிந்தெடுத்ததே பலமுள்ளது என்றார். ஜனங்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து செல்லையா எழுந்து, "அதுக்க காலு கட்டியிருந்துது" என்றான். கோயிலில், ஆராதனை நடுவில், உபதேசியாரைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது அது. அப்பா என்னைப் பார்த்தார். "கட்டியிருந்துதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் எழுந்து நின்று, கோயிலுக்குள், "இல்லப்பா" என்றேன்.

பொய் சொன்னதை ஒப்புக்கொள்ளும்வரை செல்லையா ஆராதனை முழுக்க முட்டுக்குத்தி நிற்க வேண்டும், அதுவரை பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடம் மிஷனுடையது, உபதேசியார் சொன்னால் சார் தட்டமாட்டார். முதல் ஞாயிறு நின்றான். இரண்டாம் ஞாயிறும் நின்றான். மணல் முட்டில் ஏறி ரத்தம் வந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடினேன், நன்றாகவே பாடினேன்.

இரண்டாம் ஞாயிறு கழிந்த புதன்கிழமை, கால்வாயில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். செல்லையாவின் அம்மை கைப்பிள்ளையோடு வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. பிள்ளை பால் கிடைக்காத பிள்ளையின் அழுகை அழுதது. திட்டப்போகிறாள் என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முறைத்தபடி நின்றேன்.

"எனக்கு எறச்சி வேண்டாம் மக்கா. போனது போட்டு. எனக்க மோன் பொய்யனா இல்லியாண்ணு மட்டும் சொல்லு. நான் ஆருட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள்.

அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. சொன்னால் எனக்கு ஒரு அடிகூட விழுந்திருக்காது.

"கட்டு அறுத்துட்டுத்தான் விட்டேன்" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில், முட்டில் நின்றபடியே, செல்லையா "கட்டு இல்ல. நான் பொய் சொன்னேன்" என்றான். அப்பாவின் தண்டனை செய்யாததை அவனுடைய அம்மை செய்திருந்தாள் என்று அந்த வீட்டுக்கு வெளியே எனக்கு மட்டும்தான் தெரியும். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் சபை நடுவே பொய்யன் என்று நின்றவனுக்காக மிஷனில் பேசச் சாருக்கு மனம் வரவில்லை. அடுத்த வருஷம் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக அறுப்பு முடிந்ததும் அவனுடைய அப்பா அவனை மலையில் தேயிலைத் தோட்ட வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் படித்தேன். அதே பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகவும் ஆனேன்.

இருபது வருஷம் கழித்துத் தோவாளையில் பஸ்ஸுக்கு நின்றபோது, பூக்கட்டு ஒன்றைத் தலையில் வைத்திருந்த ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். செல்லையா. நெஞ்சு உள்வாங்கி, இருமிக்கொண்டு, கூட இரண்டு பெண்பிள்ளைகளோடு. "டீச்சரம்மாக்கு என்னத் தெரியுதா?" என்று சிரித்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "இவியளுக்க நாயாக்கும் எனக்க உடும்ப ஜெயிச்சது. நேருக்கு நேர் நிண்ணு ஜெயிச்சுது. தோத்த ரோஷத்துல நான் காலு கட்டியிருந்துதுண்ணு பொய் சொல்லிட்டு மூணு ஞாயிறு முட்டுக்குத்தினேன். நல்ல நாயி அது" என்றார். நடிக்கிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. அவருக்கு அதுதான் நடந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இப்போது கீரிப்பாறைப் பக்கம் புலி என்று யாரும் பேசுவதில்லை. உடும்பைப் பிடித்தால் ஜெயில் என்கிறார்கள், பிடிக்கத்தான் உடும்பு இல்லை. பத்தாயத்தை உடைத்துப் பெஞ்சு செய்தார்கள், வயலைக் கூறு போட்டு வீடு கட்டினார்கள். அன்று மூடியில் ஏறி நின்றவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் வழவழப்பான ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, இந்தப் பல்லியும் சிங்கமும் மோதினால் எது ஜெயிக்கும் டீச்சர் என்று கேட்கிறான். கடைசிப் பக்கத்தில் விடை போட்டிருக்கிறார்களாம். மூடி வை என்று விரட்டினேன்.

போன மாதம் செல்லையா செத்துப்போனார். இந்தத் தடவையாவது சொல்லிவிடவேண்டும் என்றுதான் தடியை ஊன்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மூத்த மகள் நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள். சுற்றிலும் பேரப்பிள்ளைகள். "தாத்தா கோயில்ல பொய் சொல்லிட்டு முட்டுக்குத்தி நிண்ண கத சொன்னேன்ல, அந்த டீச்சரம்மா இவியதான்" என்று அவள் சொன்னதும், அழுதுகொண்டிருந்த பிள்ளைகள்கூடச் சிரித்துவிட்டன. "அப்படித்தானே டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

ஆமா என்றேன்.