கை உடையாத பொம்மை

எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது.

அண்ணன் விழுப்புரத்தை அடுத்த காணை கிராமத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட, பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் கற்றார். 1993இல் விழுப்புரத்தில் ஒற்றை மிஷினோடு கடை போட்டார். அந்த வருமானத்தில்தான் எனக்குத் திருமணம் நடந்தது.

கடைக்குப் பக்கத்து வீட்டில் ஒருவன் மனைவியை அடிப்பதையே வேலையாக வைத்திருந்தான். தெருவில் யாரும் தட்டிக் கேட்டதில்லை. அவனுடைய ஐந்து வயது மகள் கலா, ஓடி வந்து கடை மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். ஒருநாள் அவளுடைய பிளாஸ்டிக் பொம்மையைச் சுவரில் அடித்துக் கைகளை உடைத்துவிட்டான்.

“மாமா, கை உடையாத பொம்மை இருக்குதா?”

“நானே தச்சித் தர்றேன். அழுவாத” என்றார் அண்ணன்.

காடாத் துணியை வெட்டி, உள்ளே துண்டுத் துணிகளைத் திணித்து, கைகளை மட்டும் இரட்டை நூல் போட்டு இறுக்கித் தைத்தார். கண்ணும் வாயும் நூலிலேயே போட்டார். கலா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிய்யவில்லை. சிரித்தபடி வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் மதியம் அவன் கொடுவாளோடு தெருவில் நின்றான்.

“எவன்டா என் பொண்ணுக்குப் பொம்மை குடுத்தவன்? என் பொண்டாட்டிகிட்ட அவனுக்கு இன்னாடா பழக்கம்?”

பொம்மையை வெட்டி எறிந்தான். அதை எடுக்க ஓடிய கலாவை உதைத்தான். மகளை மறைத்து விழுந்த தாயின் தோளில் முதல் வெட்டு இறங்கியது. அடுத்த வெட்டை அண்ணன் இடது கையால் தடுத்தார். இரண்டு விரல்கள் மண்ணில் விழுந்தன. வலது கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியால், சூட்டோடு அவன் முகத்தில் ஓங்கி அடித்தார். அவன் விழுந்த பிறகும் அடித்தார். அண்ணிதான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து நிறுத்தினார்.

தாயும் மகளும் திண்டிவனத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போனார்கள். அவனுடைய ஆட்கள் கடையை நொறுக்கினார்கள். “சாட்சி சொன்னா மீதி வெரலும் இருக்காது” என்றார்கள். அண்ணன் கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொன்னார். அவன் சிறைக்குப் போனான்.

துணியைப் பிடிக்க விரலில்லாமல், ஊசி குத்திக் குத்தி, அந்தக் கையால் அண்ணன் முதலில் தைத்து முடித்தது கலாவுக்கு இன்னொரு பொம்மைதான். ரத்தக் கறையை அண்ணி துவைத்துக் காயவைத்த பிறகு, திண்டிவனம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

எல்லோரையும் மன்னித்தார் என்று இத்தகைய நினைவு மலர்களில் எழுதுவது வழக்கம். அண்ணன் மன்னிக்கவில்லை. பல வருடம் கழித்து, சிறுநீரகம் பழுதாகி அண்ணன் படுத்த படுக்கையாக இருந்தபோது, அவன் கைகூப்பி வந்து நின்றான்.

“எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த? போய் அந்தப் பொண்ணுகிட்ட கேளு.”

அடுத்த வாரம் கலா வந்தாள்.

“அந்த ஆளு வந்து கால்ல வுழுந்தாரு மாமா. எழுந்து போய்யான்னு அனுப்பிட்டேன். தப்புங்களா?”

“தப்பே இல்லம்மா” என்றார் அண்ணன். அன்று கேப்பைக் கூழை இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெட்டுப்பட்ட அன்று ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், அண்ணிக்குத் துணையாக இருந்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. விடியற்காலையிலேயே திண்டிவனத்திலிருந்து வந்து, இன்றைய சமையலை ஏற்று அடுப்படியில் நிற்பவர் கலாவின் தாய். அவர் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் எல்லோரும் போக வேண்டும்.