இரண்டு மொழியில் வயிற்றோட்டம்

சண்டைக்குப் பயந்து ஓடி, புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது என் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம். அதற்குக் கொடுக்கவென வெளிநாட்டிலிருந்து நிவாரணமாக வந்த உப்புத்தூள் பொதியில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் உருது. தமிழ் மருந்துக்கும் இல்லை.

கணவரின் அண்ணர் ஆங்கிலம் படித்தவர்.

"டயரியா எண்டால் வயித்தோட்டம். உருதுவிலையும் அதுதான் இருக்கும்" என்று சுற்றி நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டே இருந்தார். பிள்ளையின் நாக்கு வறண்டுபோயிருந்தது. கொதித்தாறிய தண்ணீரை எடுத்தேன்.

"தண்ணி குடுக்காதையும், இன்னும் போகும்!"

தூளைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கும் படம் அவர் கையிலிருந்த பொதியிலேயே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொதியைப் பறித்தேன்.

"வயித்தோட்டம் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும் அத்தான். விடிஞ்சதிலை இருந்து பீத்துணி தோய்க்கிறது நான்."