கருஞ்சிட்டின் முதுகு

வடக்கே, மராட்டியப் பக்கம் போபோடியில் குடியிருந்த சின்னதுரைக்கு ரஞ்சன்காவில் ஒரு பிரிட்ஜ் கம்பெனியில் வேலை. பெயிண்ட் அடித்து வரும் பிரிட்ஜ் கதவுகளை விளக்கடியில் மாதிரித் தகட்டோடு ஒட்டினாற்போல் வைத்து, நிறம் சேர்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அவர் ஒதுக்கிய கதவை யாரும் கேள்வி கேட்டதில்லை, 2003 மே மாதம் வரை.

அந்த மே மாதம் கம்பெனி மதிலில் ஒரு கருஞ்சிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு பாடியது. பாளையங்கோட்டையில் சிறு வயதிலிருந்து பார்த்த குருவிதான். ஆனால் முதுகு பழுப்பாக இருந்தது. டீ நேரத்தில் அதை ஜெபகுமாரிடம் சொன்னார். ஜெபகுமார் அவர் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. ஊரிலிருந்து வந்து அதே கம்பெனியில் பாக்கிங்கில் புதிதாகச் சேர்ந்தவன்.

"பேரே கருஞ்சிட்டு, அதைப் போயி பழுப்புங்கிய! பொட்டையப் பாத்திருப்பிய அத்தான்."

"பொட்டைக்கு ஏதுல தோள்ல வெள்ளை? ஆணுதாம்ல."

"அப்போ டாக்டர்ட்ட கண்ணக் காட்டுங்க."

அதையே இந்தியில் நாலு பேரிடம் சொல்லி ஜெபகுமார் சிரித்தான். பேச்சு அதிகாரி காதுக்குப் போயிற்று. கருப்பைப் பழுப்பு என்கிறவரை நிறம் பார்க்க வைப்பதா? கண் பரிசோதனை முடியும்வரை சின்னதுரை பாக்கிங்கில் நிற்கட்டும் என்று உத்தரவு வந்தது.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியால?" என்று ஸ்டெல்லா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவியளுக்கு அந்த வேலை போச்சுன்னா, நீ வந்து கலரு பாப்பியாக்கும்?"

சின்னதுரைக்கு யார்மேலும் கோபமில்லை. கண் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தால்? சாப்பாட்டு நேரமெல்லாம் மதிலடியிலேயே நின்றார். ஒரு நாள் குருவி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. நெஞ்சு மைக்கருப்பு. கண்ணில் கோளாறு என்றால் நெஞ்சும் பழுப்பாகத்தானே தெரிய வேண்டும்? பாக்கிங்கிலிருந்து ஜெபகுமாரை இழுத்து வந்து காட்டினார்.

"புழுதில பொரண்டிருக்கும் அத்தான்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. புழுதியை நிறம் என்று எடுத்துக்கொண்டாலும் கண்ணின் பிழைதானே? அதைக் கழுவ மழை வரட்டும் என்று காத்திருந்தார்.

ஜூனில் முதல் மழை கொட்டித் தூறலானதும் இருவரும் வெளியே ஓடினார்கள். மதிலில் சொட்டச் சொட்ட உட்கார்ந்து குருவி சிறகை உதறியது. ஜெபகுமார் வெகுநேரம் பார்த்தான்.

"பழுப்புதான் அத்தான்," என்றவன், ஈரச் சட்டையோடு தானே அதிகாரி அறைக்குப் போனான். கண் டாக்டரும் குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுக்க, சின்னதுரை பழையபடி விளக்கடிக்குத் திரும்பினார்.

டிசம்பரில் ஊருக்குப் போனபோது மாமனார் வீட்டுக் கொல்லையில் கருஞ்சிட்டு நின்றது. தலை, முதுகு, நெஞ்சு எல்லாம் ஒரே கருப்பு. அப்படியானால் ஊரில் பிறப்பது கருப்பு, ரஞ்சன்காவில் பிறப்பது பழுப்பு. நடுவில் எந்த இடத்தில் மாறுகிறது? திரும்பும்போது ரயிலில் ஜன்னலை விட்டு அவர் நகரவில்லை.

"புள்ளையளுக்கு இட்லியக் குடுக்காம அங்க என்னத்தப் பாக்கிய?" என்றாள் ஸ்டெல்லா.

வழியில் வாடி என்ற நிலையத்தில் வண்டி நின்றது. அடுக்கி வைத்திருந்த கட்டைகள் மேல் ஒரு கருஞ்சிட்டு, வாலைத் தூக்கியபடி. முதுகைக் கருப்பு என்றும் சொல்ல முடியவில்லை, பழுப்பு என்றும் சொல்ல முடியவில்லை. தன் மாதிரித் தகடுகளை ஒவ்வொன்றாக மனத்தில் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை.

"ஸ்டெல்லா, இங்க வா. இது என்ன கலரு, சொல்லு?"

அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னையா கேக்கிய? நெறம் பாக்க நீங்கதான சம்பளம் வாங்குதிய!"