என் தங்கையை அழைத்து வந்தது நான் அல்ல

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். சாட்சி என்றால் கர்த்தருக்கு மகிமை வர வேண்டும். இதில் என் அவமானமும் சேர்ந்தே வருகிறது. அதனால் நோட்டை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன்.

நான் எஸ்தர். மலைமேல் குண்டனி நாட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்துப் பிழைக்கிற குடும்பம். இரட்சிக்கப்பட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே ஜெபம்: என் தங்கை செல்லம்மா ஆண்டவரை அறிய வேண்டும். அப்பா அம்மா போனபிறகு எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான்.

பன்னிரண்டு வருடம் அவளைப் பார்த்த இடத்திலெல்லாம் பேசினேன். மிளகு பறிக்க அவள் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்தாலும், கீழே நின்று அண்ணாந்து பேசுவேன்.

"ஏனக்கா, எறங்கி ஓட முடியாதுன்னு தெரிஞ்சுதான் இங்க வந்து சொல்றயா?" என்பாள். தோட்டமே சிரிக்கும்.

எங்கள் சபையில் ரூத் என்று ஒருத்தி, அடிவாரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஜெபிக்கச் சொன்னால் நாலு வார்த்தையில் ஆமென் சொல்லிவிடுவாள். மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியை அடியில் ஓர் ஆள் பிடித்தே ஆக வேண்டும். யார் தோட்டமானாலும் அவள் போய்ப் பிடிப்பாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகையில் செல்லம்மாவுக்கு மஞ்சள் காமாலை. ஒரு வாய் கஞ்சி நிற்கவில்லை. பிழைப்பாளா என்றாகிவிட்டது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து, "இப்பவாவது ஆண்டவர நம்பு கண்ணு" என்று அழுதேன். ரூத் அவளைத் தாங்கிப் பிடித்து பஸ்ஸில் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வாந்தித் துணி அலசினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

கர்த்தர் தங்கையை எழுப்பினார். எழுந்தவள் ரூத்திடம், "நான் உனக்கு என்ன ஒறவுன்னு இத்தன செய்யறே?" என்று கேட்டாளாம். அப்போதுதான் ரூத் ஆண்டவரைப் பற்றி வாய் திறந்தாள். அந்த ஞாயிறே செல்லம்மா சபைக்கு வந்து ரூத்தின் பாயில் உட்கார்ந்தாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. நான் கல் பொறுக்கி உழுத காட்டில் நேற்று வந்தவள் அறுக்கிறாளே என்று நினைத்தேன். பாட்டில் ரூத்துக்கு ராகம் தப்பியபோது மனதுக்குத் திருப்தியாக இருந்தது. ஆராதனையில் உட்கார்ந்துகொண்டே அப்படி இருந்தேன்.

புதிதாக வருபவருக்காக ஜெபிக்கும்போது, அழைத்து வந்தவரும் கூட எழுந்து நிற்பது எங்கள் சபை வழக்கம். "யார் அழைச்சிட்டு வந்தது?" என்று போதகர் கேட்டார். நான் எழுந்தேன். "நான்தானுங்கய்யா."

பாதி எழுந்த ரூத் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செல்லம்மா என்னை ஒருமுறை பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வீட்டுக்குப் போனேன்.

"பொய் சொல்லித்தான் ஆள் சேக்கோணும்னா, அந்தக் கூட்டம் எனக்கு வேண்டாமக்கா" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்னால் வந்தாள் என்று பேர் வாங்கப் போனேன். என்னால் போய்விட்டாள். அன்றுதான் முதல்முறையாக வேறு மாதிரி ஜெபித்தேன். "ஆண்டவரே, யார் கையாலாவது வரட்டும். என் பேர் வேண்டாம். இந்த எரிச்சலை என்னிடமிருந்து எடும்."

தை பிறந்தது. மனசாட்சி குத்த, செல்லம்மாவின் தோட்டத்துக்குப் போனேன். அவள் மரத்தின் மேலே. ரூத் கீழே ஏணியைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். ரூத்தான் முதலில் பேசினாள்.

"அக்கா, தாகமா இருக்குதுங்க. இதக் கொஞ்சம் புடிக்கறீங்களா?"

பிடித்தேன். அத்தனை வருடத்தில் நான் அந்த ஏணியைத் தொட்டதே இல்லை.

"யாரு புடிக்கறது?" மேலிருந்து செல்லம்மா கேட்டாள்.

"நான்தான் கண்ணு."

"அன்னிக்கு நான் எழுந்தது பொய்" என்றேன். "உன்னக் கூட்டிட்டு வந்தது ரூத்து."

மிளகுக் கொத்து ஒன்று என் தலையில் விழுந்தது. "அத அங்க எல்லாருக்கும் முன்னால சொல்லு. நான் வாரேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஏணிய உட்றாதக்கா."

ஞாயிறு சொன்னேன். ரூத் எழுந்து நின்றாள், செல்லம்மா அவள் பக்கத்தில் நின்றாள். என் ஜெபத்துக்கு அதுதான் பதில்.

எரிச்சல் இன்னும் எப்போதாவது தலை தூக்கும். அன்றைக்கு யார் தோட்டத்துக்காவது ஏணி பிடிக்கப் போய்விடுவேன். உங்கள் வீட்டிலும் ஒருவருக்காகக் காத்திருக்கிறீர்களா? விடாமல் ஜெபியுங்கள். யார் கையால் பதில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது, நான் பொய்யாக எழுந்து நின்றதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நடந்தது நடந்தபடியே இருக்கட்டும்.